டிஸ்க்கில் நின்றுபோன ஏப்ரல்

டேப் இருந்த காலத்தில் எனக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. இதைச் சொல்வதால் நான் பழசைப் பிடித்துத் தொங்குகிறவன் என்று நினைக்க வேண்டாம். டேப் ஒரு தொல்லைதான். ஆனால் புரிகிற தொல்லை.

கொல்லிமலையில், சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும் ரோட்டில், மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி அடிவாரத்துக்கு அனுப்பும் ஒரு மண்டியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளிக்குப் பெரிய கடை காளப்பநாயக்கன்பட்டியில். எல்லோருக்கும் அவர் பாய்; எனக்கும் பாய்தான். மூடிப்போன நூற்பாலை ஒன்றின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது. அதன் வயிற்றிலேயே டேப் ஓட்டும் பெட்டி ஒன்றும் பொருத்தியிருந்தது. அதை அப்படியே மலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்.

"கீழ வெச்சா ஆளாளுக்கு நோண்டுவாங்க. மேல உங்ககிட்ட இருந்தாத்தான் உருப்படியா இருக்கும்," என்றார்.

சாயங்காலம் கணக்கை முடித்ததும் டேப்பைச் செருகுவேன். சீட்டுக்கட்டைவிடச் சின்னதாக இருக்கும். உள்ளே போனதும் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனையையும் முதலிலிருந்து கடைசிவரை எழுத ஆரம்பிக்கும். நேற்று எழுதியதா, புதுசா, பழசா என்றெல்லாம் பார்க்காது. எதிரே இருக்கும் கடைக்குப் போய் டீ குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வந்தாலும் இன்னும் கர்ர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும். முடிந்ததும் அதன் முதுகில் தேதியை எழுதி ஒட்டி, மஞ்சள் பையில் போட்டு, கடைசி பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பேன். அவர் அதைக் கீழே கடையில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வேறொரு பழைய டேப்பை வாங்கி வருவார். இப்படி ஐந்தாறு டேப்புகள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.

"சார், உங்க ஊறுகாய் பொட்டலம்," என்று பையை ஜன்னல் வழியாக நீட்டுவார் கண்டக்டர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கீழே கடையிலும் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. திறக்க அவர்களிடம் பெட்டியே கிடையாது.

அந்த டேப்பில் மண்டிக் கணக்கோடு என்னுடைய ஃபைல் ஒன்றும் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மலையில் நடப்பதைத் தினம் இரண்டு மூன்று வரி எழுதி வந்தேன். காப்பி பூத்த நாள், முதல் பலாப்பழம் மண்டி வாசலுக்கு வந்த நாள், எந்த வளைவில் மண் சரிந்தது, எந்த ஊரில் யார் இறந்துபோனார், எந்தக் காலையில் பனி பத்து மணி வரை கலையவில்லை. பிறர் எழுதிய நாட்குறிப்புகளையும் பழைய ஊர் வரலாறுகளையும் தேடித்தேடிப் படிக்கிறவன் நான். அவற்றில் தேதி பிசகியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்திவிடுவேன். 'ஏறக்குறைய அந்தச் சமயத்தில்' என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் ஃபைலில் அந்தச் சொல் ஒரு இடத்திலும் கிடையாது. வருஷத்துக்கு ஒன்று, மாசத்துக்கு ஒன்று என்று பிரிக்கவும் இல்லை. எல்லாம் ஒரே ஃபைல். நீளமாகிக்கொண்டே போனது. ஒரு நாளும் விட்டதில்லை என்பது எனக்கு இருந்த ஒரே கர்வம்.

பாய்க்கு முட்டிவலி வந்து மலையேறுவது நின்றதும் அவர் மகள் மண்டியைப் பார்க்க வந்தாள். நாமக்கல்லில் காலேஜ் முடித்தவள். வந்த வாரமே டேப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, இத இன்னும் யாராச்சும் ஓட்டறாங்களா? ஒரு டேப்பு அறுந்துபோச்சுன்னா மாத்தறதுக்குக் கடையில கிடைக்குமா?"

கிடைக்காது. அது எனக்கும் தெரியும். இரண்டு டேப்புகள் ஏற்கெனவே உள்ளே சிக்கி, கத்தரித்து எடுக்கும்படி ஆகியிருந்தது. அடுத்த முறை வரும்போது உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டிஸ்க் ஒன்று கொண்டுவந்தாள். ஒயரைச் செருகினால் நீல விளக்கு எரியும். நாமக்கல்லிலிருந்து தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டி வந்து, திரையில் ஒரு பொத்தானை வைக்கச் சொன்னாள். சாயங்காலம் அதை அழுத்தினால் போதும். அந்த ஆள் அன்றே பஸ் ஏறிவிட்டார்.

முதல் நாள் கொஞ்ச நேரம் எடுத்தது. மறுநாள் அழுத்தினேன். நான் பேனாவுக்கு மூடி போடுவதற்குள் 'முடிந்தது' என்று வந்துவிட்டது.

"என்ன கண்ணு, இவ்வளவு சீக்கிரம்?"

"டிஸ்க்குன்னா அப்படித்தானுங்க மாமா. டேப்பு மாதிரி எல்லாத்தையும் திரும்பத் திரும்ப எழுதாது. மாறினத மட்டும் எடுத்துக்கும்."

"மாறினது எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் அதுக்குத் தெரியும்."

எனக்குத் திருப்தியில்லை. டீ குடிக்கப் போகிற நேரம்கூட எடுக்காத ஒரு வேலை சரியாக நடந்திருக்குமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. முதல் ஒரு மாசம் டிஸ்க்கைத் திறந்து என் ஃபைலின் கடைசி வரியைப் பார்த்தேன். நான் அன்றைக்கு எழுதியதே இருந்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். தினம் சரியாக இருக்கிற ஒன்றை எத்தனை நாள்தான் சந்தேகப்பட முடியும்? டேப்புகள் கீழே கடையின் பரணுக்குப் போயின. சுற்றுகிற பெட்டி அடுத்த மழைக்காலத்தில் தானாகவே நின்றுவிட்டது.

நான் ஓய்வு பெறப் போகிற பொங்கலுக்கு என் ஃபைலை அச்சடித்துப் புத்தகமாகக் கட்டித் தருவதாக அவள் சொன்னது அந்தச் சமயத்தில்தான். ஒன்று எனக்கு, ஒன்று மண்டிக்கு, ஒன்று மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் யார் கேட்டாலும் கொடுக்க. "மலையப் பத்தி இப்படி நாள் விடாம யாரும் எழுதி வெக்கலீங்க மாமா," என்றாள். நான் அடக்கமாக ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை இரண்டு முறை சொன்னேன்.

இப்போது எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் கதவு சாத்தும்போது சுவரில் இருக்கும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கே வெளியே வர வேண்டும். கோடை இடியும் ஐப்பசி இடியும் ஒயர் வழியாக இறங்கி, டிவியோ மிக்சியோ மோட்டாரோ எதையாவது எரித்துவிட்டுத்தான் போகும். எங்கள் மண்டியில் மூட்டை எடை போடுகிற அம்மாள், மலையிலேயே வளப்பூர் நாடு என்னும் பகுதிக்காரி, இதில் மிகவும் கறார். ஒரு நாள் நான் மறந்துவிட்டு ரோட்டுக்குப் போனபோது பின்னாலேயே குரல் வந்தது.

"ஏனுங்கய்யா! பொட்டிய இடிக்குத் தாரவார்த்துட்டுப் போறீங்களா?"

கம்ப்யூட்டருக்குள் காசு அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. கரண்டு இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். எங்கள் கம்ப்யூட்டரில் அது செத்துவிட்டது. புதுசு போட்டும் நிற்கவில்லை. உள்ளே பலகையிலேயே கோளாறு என்றார்கள். கீழே சமவெளியில் என்றால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பிளக் சுவரில் இருக்கிறவரை அங்கிருந்து சொட்டுச் சொட்டாக வரும் கரண்டிலேயே தேதி ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் தினம் பிடுங்கினோம். அதனால் தினம் காலையில் அது தான் பிறந்த வருஷத்தின் ஜனவரி முதல் நாளில்தான் கண் விழித்தது.

ஆகவே தினம் காலையில் வந்ததும், ஊதுபத்தி ஏற்றுவதற்கு முன்பே, கம்ப்யூட்டருக்கு இன்றைய தேதியை நான் சொல்வேன். அது மாதத்தை முதலில் கேட்கும், நாளைப் பின்னால் கேட்கும். நமக்கு அது தலைகீழ். ஆனாலும் பழகியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தேதி இல்லாமல் விழிக்கும் ஒன்றுக்குத் தினமும் தேதி கொடுக்கிறவன் நான்.

போன ஐப்பசியில் ஒரு காலை அந்தக் கம்ப்யூட்டர் விழிக்கவில்லை. உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சேலத்துக்கு அனுப்பினோம். உள்ளே சுழலும் தட்டு கீறிப்போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

நான் பதறவில்லை. பாயின் மகளும் பதறவில்லை. "இதுக்குத்தான மாமா டிஸ்க்கு," என்று ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து டிஸ்க்கைச் செருகினாள். மண்டிக் கணக்கு முழுவதும் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வந்த கடைசி மூட்டை வரை இருந்தது. என் ஃபைலைத் திறந்தாள். நேராகக் கடைசிக்குப் போனாள்.

கடைசி வரி ஏப்ரலில் நின்றது.

"இன்னும் கீழ தள்ளு கண்ணு."

"கீழ ஒண்ணுமில்லீங்க மாமா."

ஏப்ரலில் ஒரு நாள். தேவனூர்ப் பக்கம் கோடை மழை, எடை போடும் இடத்தில் இரண்டு பேருக்கு வாய்த்தகராறு, பலாப்பிஞ்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளை. ஆறு மாசத்துக்கு மேல் எழுதியது எதுவும் அங்கே இல்லை. வேறு ஃபைலைத் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். டிஸ்க் முழுக்கத் தேடினாள். அந்தப் பெயரில் ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. பிறகு திரையில் அதன் மேல் அம்புக்குறியை வைத்தாள். கடைசியாக மாற்றிய தேதி என்று ஒன்று வந்தது.

அது நவம்பரில் ஒரு தேதி. அப்போது அக்டோபர் நடந்துகொண்டிருந்தது.

"போன வருஷமா?" என்றேன்.

"இல்லீங்க. இந்த வருஷம். இன்னும் வரவே இல்ல." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, நாமெல்லாம் இங்க இருக்கோம், உங்க குறிப்பு மட்டும் முந்தி பஸ்ஸப் புடிச்சுப் போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரலில் நின்றுபோன ஒரு ஃபைல், இன்னும் பிறக்காத ஒரு நாளில் எழுதப்பட்டதாகச் சொல்கிறது. கடைசி வரியைப் படிக்கிறேன்; தேதியைப் பார்க்கிறேன்; மறுபடி வரியைப் படிக்கிறேன். இரண்டில் எது பொய் என்று தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் ஐந்தாறு தடவை அந்த ஃபைலை மூடித் திறந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஏப்ரல்; ஒவ்வொரு தடவையும் நவம்பர்.

பொத்தான் வைத்துக்கொடுத்த ஆளிடம் அவள் போனில் வெகு நேரம் பேசினாள். அதன்பின் எனக்குச் சொன்னாள். ஒரு தடவையில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அந்த ஏப்ரல் நாள் காலையில் நான் தேதி போடும்போது மாதத்தின் இடத்தில் நாளையும், நாளின் இடத்தில் மாதத்தையும் போட்டிருக்கிறேன். எடை போடும் இடத்தில் அந்தச் சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. ஒரு கண் அங்கே இருந்திருக்கும். பன்னிரண்டாம் தேதிக்கு மேல் என்றால் கம்ப்யூட்டர் மறுத்திருக்கும். பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. அன்று பதினொன்றாம் தேதி என்பதால், பதினொன்றாவது மாதம் என்று பேசாமல் ஏற்றுக்கொண்டது. அன்று முழுவதும் அதற்கு நவம்பர். நான் எழுதிய குறிப்பு நவம்பர் தேதியோடு டிஸ்க்குக்குப் போனது. சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கினோம். மறுநாள் வழக்கம்போல அது எல்லாவற்றையும் மறந்துவிட்டு விழித்தது. நான் சரியான தேதியைப் போட்டேன். என் பிழை என் கண்ணில் படவே வழியில்லை. எப்போதும்போலப் பிடுங்கிய பிளக் அதைத் துடைத்துவிட்டது.

ஆனால் டிஸ்க் மறக்கவில்லை. அதன் கணக்கு எளிமையானது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல், தன்னிடம் இருப்பதைவிடப் புதிய தேதியாக இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும். தன்னிடம் நவம்பர் ஃபைல் இருக்கிறது. நான் மே மாசம் எழுதியதைக் காட்டுகிறேன். பழசு என்று விட்டுவிடுகிறது. ஜூலையில் காட்டுகிறேன், பழசு. செப்டம்பரில் காட்டுகிறேன், பழசு. மண்டிக் கணக்கு தப்பியது, அது தினம் ஒரு புதிய ஃபைல் என்பதால். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"அப்ப தினமும் முடிஞ்சுதுன்னு ஏன் சொல்லுச்சு?"

"முடிஞ்சதுதான் மாமா. எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு முடிஞ்சுது."

"நான் எழுதினது இருந்துதே."

"இருந்துது. ஆனா அதுக்கு அது பழசு."

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றுகிறது. நேற்று எழுதியது பழசு, அரை வருஷத்துக்கு முன் எழுதியது புதுசு. டேப்பாக இருந்தால் இந்தக் கேள்வியே கேட்டிருக்காது. குருட்டுத்தனமாக எல்லாவற்றையும் எழுதியிருக்கும். தேதி பார்க்கத் தெரிந்த ஒன்றிடம் கொடுத்ததால் எனக்கு நேர்ந்தது இது. தேதி பார்க்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றியும்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாயின் மகளுக்கு வருத்தம். டிஸ்க்கைக் கொண்டுவந்தது அவள். "பொங்கலுக்கு இன்னும் நாளிருக்குதுங்க மாமா. ஞாபகத்துல இருந்து எழுதிப் போட்டுடலாம். நானும் கேட்டு எழுதித் தாரேன்," என்றாள்.

அப்படித்தான் நான் ஆட்களைக் கேட்க ஆரம்பித்தேன். கணக்கு ஃபைல்களை வைத்து, எந்தெந்த நாளில் மூட்டையே வரவில்லை என்று கண்டுபிடித்தேன். ஆனால் ஏன் வரவில்லை என்பது என் குறிப்பில்தான் இருந்தது. பலாப்பழ லாரி வளைவில் கவிழ்ந்த நாளா, மரம் விழுந்து ரோடு அடைத்த நாளா, எவர் சாவுக்காவது எல்லோரும் போன நாளா? லாரியிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒன்று அது.

எடை போடும் அம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடிங்க. நாங்க கோயிலுக்கு நடந்து போறப்ப ரோடெல்லாம் பழ வாசம். எங்கூட்டுக்காரர் அங்கயே உக்காந்து சொளை தின்னுட்டு, சாமிக்குப் போகாமயே திரும்பிட்டாரு."

சாயங்காலம் பஸ் வந்தபோது கண்டக்டரைக் கேட்டேன்.

"ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடியா? யாருங்க சொன்னது? ஆடி பூராவும் நான் லீவு சார், தங்கச்சிக்குப் பிரசவம். லாரி கவுந்தப்ப பஸ்ஸில இருந்தது நானு. பழத்த ஒதுக்கித் தள்ளி வழி விட்டதே நானு. ஆவணி."

"ஆவணியில பலாப்பழம் ஏது?" என்று ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர் கேட்டார்.

"நீ வா, எறங்கி வந்து சொல்லு," என்றார் கண்டக்டர். தன் போனை எடுத்தார். "படமே இருக்குது சார். இந்தா பாருங்க." படம் இருந்தது. கவிழ்ந்த லாரி, உருண்டு கிடந்த பழங்கள். தேதியும் இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. பிறகு அவரே தலையைச் சொறிந்தார். படம் அவர் எடுத்ததல்ல. யாரோ எடுத்து, யாருக்கோ அனுப்பி, அவருக்கு வந்தது. அதில் இருந்தது அவருக்கு வந்துசேர்ந்த தேதி.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"லாரி கவுந்த அன்னிக்கு நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. கஞ்சி வெச்சுக் கொடுத்தேன்."

"எனக்கா? எப்போ?"

"மூணு நாளு."

"மூணு நாளும் மண்டிக்குப் போகலையா?"

"கண்ணத் தொறக்கலீங்க. எங்க போறது?"

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அந்த மூன்று நாளைக்குக் குறிப்பு எழுதினேனா இல்லையா? எழுந்த பிறகு கேட்டு எழுதியிருப்பேனா? அப்படி எழுதியிருந்தால் லாரி கவிழ்ந்ததை நான் பார்த்திருக்க முடியாது. ஆனால் உருண்ட பழங்களைப் பார்த்ததாக என் கண்ணுக்குள் ஒரு படம் இருக்கிறது. அது கண்டக்டர் போனில் பார்த்த படமா? ஒரு நாளும் விட்டதில்லை என்ற கர்வம் அந்த ஃபைலோடு போனதா, அதற்கு முன்பே போய்விட்டிருந்ததா? இதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கீறிப்போன தட்டுதான்.

"ரெண்டு லாரியா இருக்குமுங்க மாமா," என்றாள் பாயின் மகள், நான் எல்லாவற்றையும் ஒப்பித்த பிறகு. அவளுடைய நல்ல எண்ணம் எனக்குப் புரிந்தது. ஆனால் இரண்டு லாரி என்று எழுதினால் ஒருவேளை கவிழாத லாரி ஒன்றை நான் கவிழ்த்தவன் ஆவேன்.

பிறகு ஒரு வாரம் வேறு வழியில் போனேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பில் விடுபட்ட தேதிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பக்கத்தில் பொதுவாக ஏதாவது எழுத ஆரம்பித்தேன். 'மேகமூட்டம். வரத்து சுமார்.' கொல்லிமலையில் எந்த நாளுக்கும் பொருந்துகிற வரி. 'காலையில் பனி. வரத்து குறைவு.' அதுவும் பொருந்தும். ஒரு மாசம் ஒரே மூச்சில் நிரம்பிவிட்டது. அசல் பக்கங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. அதுதான் என்னை அதிகம் குழப்பியது. அப்படியானால் அசலாக நான் எழுதியவற்றிலும் பாதி இப்படித்தானா?

எடை போடும் அம்மாள் எனக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"என்னங்கய்யா, எல்லா நாளும் மேகமா?"

"அந்தச் சமயத்துல மேகமாத்தான இருந்திருக்கும்."

"ஒரே மேகத்த மாசம் முச்சூடும் போட்டா எப்படீங்க? ஒரு நாளாச்சும் வெயிலு அடிக்க வுடுங்க. எங்க கப்பக்கிழங்கு காய வேண்டாமா?" சிரித்துக்கொண்டே தராசுப் பக்கம் போனாள். போகிற வழியில் நின்று, "அந்தச் சமயத்துலதான் எம்மக ஊட்டுல புள்ள தவழ ஆரம்பிச்சுது. அத எழுதியிருந்தீங்களா?" என்று கேட்டாள்.

எழுதியிருந்தேனா? அவள் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். சொன்னாளா என்று அவளுக்கும் தெரியவில்லை.

அந்த மேகங்களை எல்லாம் அன்றே அழித்தேன். அச்சடிக்கக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாயின் மகள் மூன்று யோசனை சொன்னாள்: அந்த அரை வருஷத்தை வெள்ளைத் தாளாக விடலாம், தேதியில்லாமல் நிகழ்ச்சிகளை மட்டும் போடலாம், அல்லது ஏப்ரலோடு புத்தகத்தை முடித்துவிடலாம். கடைசி யோசனையைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேதியில்லாமல் போட்டுப் பார்த்தோம். எது முன்னால், எது பின்னால் என்று வந்தது. ஆடிப் பதினெட்டை மேலே வைத்தாள், சரியாகத்தான் இருந்தது. கீழே வைத்தாள், அதுவும் சரியாக இருந்தது. லாரியை எங்கே தூக்கி வைத்தாலும் அங்கே அது பொருந்தி உட்கார்ந்தது.

"எப்படி வெச்சாலும் கதை வருதுங்க மாமா," என்றாள்.

"அதுதான் பயமா இருக்குது," என்றேன்.

ஒவ்வொருவரிடமும் கேட்டதை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். கேட்ட அன்றே, கைப்பழக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அன்றைய தேதியையும் போட்டிருந்தேன். தாளை அவளிடம் படித்துக் காட்டும்போதுதான் அதைக் கவனித்தேன். லாரி எந்த நாளில் கவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் கவிழ்ந்ததாக எடை போடும் அம்மாள் என்னிடம் சொன்ன நாள் தெரியும். ஆவணி என்று கண்டக்டர் சொன்ன நாள் தெரியும். நான் காய்ச்சலில் கிடந்தேன் என்று என் மனைவி சொன்ன நாள் தெரியும். அதில் ஐயமே இல்லை. அவை என் முன்னால் நடந்தவை.

அப்படியே எழுதினேன். ஏப்ரல் வரைக்கும் பழைய குறிப்பு. அதற்குப் பிறகு ஒரு வரி: டிஸ்க்கில் இதற்கு மேல் இல்லை. அடுத்த பக்கத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகைத் தேதிகள். ஒவ்வொரு தேதியிலும், அந்த மறைந்த மாசங்களைப் பற்றி யார் என்ன சொன்னார் என்பது. ஒருவர் சொன்னதற்கு அடுத்ததிலேயே அதை மறுக்கிறவர் வருகிறார். நான் எங்கும் தீர்ப்பு சொல்லவில்லை. படிக்கிறவருக்குக் குழப்பமாக இருக்கும். எழுதியவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

பாயின் மகள் முழுவதையும் படித்துவிட்டு, "இது குறிப்பு மாதிரியே இல்லீங்க மாமா, பஸ்ஸில உக்காந்திருக்கற மாதிரி இருக்குது," என்றாள். பாராட்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை. லேப்டாப்பிலிருந்து டிஸ்க்குக்கு அனுப்பினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். 'முடிந்தது' என்று வந்ததும் டிஸ்க்கைத் திறந்து, கடைசி வரி வரைக்கும் தள்ளச் சொல்லிப் படித்தேன். அவள் பொறுமையாகத் தள்ளினாள்.

மறுநாள் அச்சுக்குப் போக வேண்டியது. காலையில் மண்டிக்குப் போனபோது எடை போடும் அம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஏனுங்கய்யா, எழுதி முடிச்சுட்டீங்களா? எங்கூட்டுக்காரரக் கேட்டேன். அவரு சொளை தின்னது இந்த வருஷமே இல்லையாமா. போன வருஷத்து லாரியாமா."

நான் உள்ளே போனேன். லேப்டாப்பைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, அவள் சொன்னதை எழுதினேன்.